பத்தொன்பது வோக்கியும் பத்து வாரமும்

பொத்தானை அழுத்து, பேசு, கையை எடு. இந்த மூன்று வேலையையும் வளர்ந்த மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். கேட்க ஒரு நிமிட வேலைபோல இருக்கும். அலுவலகத்தில் அச்சுப்பொறிக்குக் கடதாசி போடுவது எப்படி என்று ஒரே ஆளுக்கு ஏழு தடவை விளங்கப்படுத்தியவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நான் மேலே ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. நீங்களும் நானும் ஒரே கட்சி.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் மூலையில் எங்கள் கடை. முதலாளி ஜெராட் அண்ணை மன்னார்க்காரர். கைபேசி, கைபேசி உறை, சிம், சார்ஜர் என்று விற்றுக்கொண்டிருந்த கடையில் வோக்கி-டோக்கிக்கென்று ஒரு பகுதியைத் தொடங்கவைத்தவள் நான். பழைய வோக்கிபோல இது ஒன்றிரண்டு கிலோமீட்டரோடு நின்றுபோகாது. உள்ளே சிம் இருக்கிறது. கைபேசி எடுக்கிற இடமெல்லாம் இதுவும் எடுக்கும். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் வேலைக்காரர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். இலக்கம் அடிக்கவும் தேவையில்லை, எடுக்கிறாரா என்று காத்திருக்கவும் தேவையில்லை.

இதை நம்பித்தான் ஒன்பது வருடம் பார்த்த பிஸ்கட் தொழிற்சாலை வேலையை விட்டேன். ஜெராட் அண்ணை ஆறு மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள், கோபமேயில்லாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்: "வதனி, பெரிய கொம்பனி ஒண்டைப் பிடியும். பிடிச்சா உம்மடை பகுதி இருக்கும், நீரும் இருப்பீர். இல்லாட்டி அந்தத் தட்டிலை நான் ஃபோன் கவர் அடுக்கப்போறன்."

முக்கால் மணி நேரப் பேச்சு

நான் பிடித்த பெரிய கொம்பனி, ரத்தினம் அண்ணையின் பனி தள்ளும் கொம்பனி. பத்தொன்பது ட்றக், பத்தொன்பது சாரதிகள். நகரத்தின் கிழக்கே ரூஜிலிருந்து மேற்கே ரெக்ஸ்டேல் வரை பிளாசா, அடுக்குமாடி, கிளினிக் என்று எல்லா வாகனத் தரிப்பிடங்களிலும் அவர்கள்தான் பனி தள்ளி உப்புப் போடுவார்கள். அதுவரை கைபேசியில்தான் வேலை நடந்தது. அதாவது, பனி கொட்டுகிற நாளில் ரத்தினம் அண்ணை பத்தொன்பது பேருக்கும் ஒவ்வொருவராக அழைப்பு எடுப்பார். பதினேழாவது ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போது முதலாவது ஆள் தள்ளிய இடம் திரும்பவும் மூடியிருக்கும்.

அவருடைய மேசையில் வோக்கியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். மனிதர் அதைத் தொடவேயில்லை. கடைசியில் எனக்காக இரக்கப்பட்டு ஒன்றை எடுத்தார். இன்னொன்றை வெளியே நின்ற யோகநாதன் அண்ணையிடம் கொடுத்திருந்தேன். பதினொரு குளிர்காலம் அந்தக் கொம்பனியில் ஓடிய பழைய சாரதி அவர். ரத்தினம் அண்ணை பொத்தானை அழுத்தி "யோகன்" என்றார். "ஓம் அண்ணை, சொல்லுங்கோ" என்று பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது. ரத்தினம் அண்ணையின் முகத்தில் சின்னப்பிள்ளைச் சிரிப்பொன்று வந்தது. நான் பார்த்ததைக் கண்டதும் அதை ஒளித்துக்கொண்டார்.

பத்து வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். பிடிக்காவிட்டால் பத்தொன்பதையும் பெட்டியில் போட்டுத் திருப்பித் தருவதென்று பேச்சு. ரத்தினம் அண்ணையின் கையில் என்னுடைய மாதிரி வோக்கியை இரவலாக விட்டுவிட்டு, ஒவ்வொரு சாரதியிடமும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்தவர் சொன்னார்: "பத்து வாரம் கழிச்சு நான் வேண்டாம் எண்டால் முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு திரியக்கூடாது, பிள்ளை."

விடியற்காலை நலம் விசாரிப்பு

இந்த வோக்கியில் ஒரு சின்னக் குணம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் வழி திறக்க அரை நொடி எடுக்கும். 'டிங்' என்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் பேச வேண்டும். இதைச் சாரதிகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு துண்டுப்பிரசுரமும் அடித்துக் கொடுத்தேன். 'சுருக்கமாகப் பேசவும். நலம் விசாரிக்க வேண்டாம்' என்பது அதில் தடித்த எழுத்தில் இருந்தது. என் ஞானத்தை நினைத்து இப்போதும் எனக்கு வெட்கம்.

ஒருவரும் டிங்குக்குக் காத்திருக்கவில்லை. சுருக்கமாகப் பேசச் சொன்னதால் அவர்கள் முதல் வாயிலேயே இடத்தின் பெயரைச் சொன்னார்கள். அந்த அரை நொடி அதை அப்படியே விழுங்கியது. உப்பு முடிந்துவிட்டது, எங்கே என்று தெரியாது. ட்றக் புதைந்துவிட்டது, எங்கே என்று தெரியாது. முதல் இரண்டு வாரமும் பத்தொன்பது பேரும் ஒருவரையொருவர் "எங்கை? எங்கை?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். ரத்தினம் அண்ணை என்னைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்கு விவரிக்க மாட்டேன்.

ஒரே ஒருத்தியின் செய்தி மட்டும் ஒரு நாளும் குறைபடாமல் வந்துகொண்டிருந்தது. அவள் சுகந்தி, அந்தக் கொம்பனியின் ஒரே பெண் சாரதி. வோக்கிப் பேச்செல்லாம் என் கணினியில் பதிவாகும்; அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் துண்டுப்பிரசுரத்தை அவள் கொஞ்சமும் மதிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "எல்லாரும் சாப்பிட்டியளே?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். அரை நொடி விழுங்கியதெல்லாம் அந்த விசாரிப்பைத்தான். அன்றே துண்டுப்பிரசுரங்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நலம் விசாரிக்காமல் யாரும் விஷயம் பேசக்கூடாது என்று சட்டம் போட்டேன். மறுநாள் காலையிலிருந்து எல்லா இடங்களின் பெயரும் முழுதாக வந்தன. சுகந்தியைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் விலகிக்கொண்டு சொன்னாள்: "நான் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை, வதனி. விடியக் காலமை ஆக்களைக் கண்டா முதல் சாப்பாட்டைத்தானே விசாரிக்கிறது."

ரொட்டி சுற்றிய ஃபொயில்

வோக்கி எங்கே இருக்கிறதென்று என் கணினியின் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி காட்டும். எந்த ட்றக் கிட்ட நிற்கிறது என்று பார்த்து அனுப்பத்தான் அது. ஆனால் சாரதிகள் அப்படி எடுக்கவில்லை. ரத்தினம் அண்ணை தங்களை உளவு பார்க்க என்னைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார் என்று ஒரு கதை கிளம்பியது. ரெக்ஸ்டேல் பக்கம் ஓடுகிற அன்ரன் அண்ணையின் புள்ளி தினமும் பத்து மணிக்கு மறைந்து பத்தே முக்காலுக்கு வந்தது. கைபேசிக் கோபுரத்தில் பிழையா என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். மூன்றாம் நாள் நேரே போய்ப் பார்த்தேன். மனைவி காலையில் ரொட்டி சுற்றிக் கொடுத்த அலுமினிய ஃபொயிலை நீவி எடுத்து, வோக்கியை அதற்குள் மூன்று சுற்றுச் சுற்றி வைத்துவிட்டு, கோப்பிக் கடையில் ஆறுதலாக உட்கார்ந்திருந்தார்.

திட்டி வேலையில்லை என்று எனக்குத் தெரியும். வரைபடத்தை எல்லோருடைய வோக்கித் திரையிலும் தெரியும்படி திறந்துவிட்டேன், முதலாளியின் புள்ளியையும் சேர்த்து. ரத்தினம் அண்ணையிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றிருப்பார். அடுத்த நாள் காலையில் முதலாளியின் புள்ளி ஒரு கோப்பிக் கடையில் இரண்டே கால் மணி நேரம் அசையாமல் நின்றதைப் பத்தொன்பது பேரும் கண்குளிரப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வோக்கியும் ஃபொயிலுக்குள் போகவில்லை. அன்று பின்னேரம் அன்ரன் அண்ணை எல்லோருக்கும் கேட்க வோக்கியில் சொன்னார்: "பொஸ், எனக்கு முக்கால் மணித்தியாலம் காணும். உங்களைப்போல இருந்தா எனக்கு இடுப்பு நோகும்."

பாலேந்திரனின் நன்றியுரை

இது நான் செய்த பிழை. மறைக்காமல் சொல்கிறேன். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்ற ஒருவரும் பேச முடியாது. அதற்கு ஒரு நேர எல்லை வைக்க வேண்டும். நான் வைக்க மறந்துவிட்டேன். பாலேந்திரன் என்ற சாரதியின் மகளுக்கு அந்தச் சனிக்கிழமை அரங்கேற்றம். நன்றியுரை தகப்பனுடையது. மொத்த ஜக்கெற்றின் பைக்குள் வோக்கியை வைத்து, அதற்கு மேலே சீற் பெல்ற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மனிதர் பனி தள்ளியபடி ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். பெல்ற் பொத்தானை அமர்த்திப் பிடித்துக்கொண்டது.

"மதிப்புக்குரிய பிரதம விருந்தினர் அவர்களே" என்று தொடங்கியது நாற்பது நிமிடம் ஓடியது. இடையில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, திரும்ப முதலிலிருந்து. மகள் நாலு வயதில் சலங்கை கேட்டு அழுத இடத்துக்கு வரும்போதெல்லாம் அவரும் மூக்கை உறிஞ்சினார். ரூஜில் ஒரு பிளாசாக்காரர், தன் இடத்துக்கு ட்றக் வரவில்லை என்று அலுவலகத்துக்கு அழைப்பு எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். ரத்தினம் அண்ணை வோக்கியை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு பழையபடி கைபேசியைத் தூக்கினார். அன்று மத்தியானமே நான் ஒரு நிமிட எல்லை போட்டேன். இனி யார் மறந்தாலும் வோக்கி தானாகவே வழியை விட்டுவிடும். ஆனால் ரத்தினம் அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை. அலுவலகத்தில் சும்மா கிடந்த சார்ஜர்களை ஏற்கெனவே ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். ஜெராட் அண்ணையின் ஃபோன் கவர்கள் என் கண்முன்னே வந்து நின்றன.

சாரதிகளுக்கோ அது ஒரு நல்ல நாள். வழி திறந்ததும் முதலில் வந்தது சுகந்தியின் குரல்: "பாலா அண்ணை, சாப்பிட்டியளே? உடுப்புத் தைச்ச அன்ரிக்கு ரெண்டு தரம் நன்றி சொல்லிப்போட்டியள், மிருதங்கக்காரரை விட்டிட்டியள்."

ஏப்ரல் பனி

பத்தாவது வாரம் ஏப்ரலில் வந்தது. பனி முடிந்துவிட்டதென்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். யோகநாதன் அண்ணை தங்கையின் மகளின் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணம் போய்விட்டார். ரத்தினம் அண்ணை தரிப்பிடங்களில் நட்டிருந்த செம்மஞ்சள் கம்புகளையெல்லாம் பிடுங்குவித்தார். சீமெந்து விளிம்பு எங்கே, தீயணைப்புக் குழாய் எங்கே என்று பனிக்குள் காட்டுவது அந்தக் கம்புகள்தான். கம்பு பிடுங்கி ஐந்தாம் நாள், புதன்கிழமை, ரொறன்ரோ முழுக்கப் பனி கொட்டியது. இரண்டு நாளில் பெட்டி கடைக்கு வரப்போகிறது. வந்தால் வரட்டும், இதையாவது கண்ணால் பார்ப்போம் என்று நான் காலை ஆறு மணிக்கே ரத்தினம் அண்ணையின் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

ரூஜில் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் கிளினிக் ஒன்று இருக்கிறது. அதன் தரிப்பிடம் பதினொரு வருடமாக யோகநாதன் அண்ணையின் இடம். அன்று சுகந்தியை அனுப்பினார்கள். ஆறே முக்காலுக்கு அவள் குரல் வந்தது: "எல்லாரும் சாப்பிட்டியளே? நான் கிளினிக் வாசலிலை நிக்கிறன். எல்லாம் ஒரே வெள்ளை. எங்கை மேடு, எங்கை கல்லு எண்டு ஒண்டும் தெரியேல்லை. எனக்குப் பின்னாலை சக்கர நாற்காலி வான் ஒண்டு நிக்குது. ஏழேகாலுக்கு அவரை மெசினிலை போடவேணுமாம்." ரத்தினம் அண்ணை யோகநாதன் அண்ணையின் கைபேசிக்கு எடுத்தார். அணைத்து வைத்திருந்தது. ஊர் இலக்கம் யாரிடமும் இல்லை. "தெரிஞ்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ" என்று வோக்கியில் கேட்டார். அந்த இடத்தை வேறு யாரும் தள்ளியதேயில்லை. சீமெந்தில் மோதி ட்றக்கின் பிளேற், அதாவது பனி தள்ளும் தகடு, உடைந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ட்றக்கும் நிற்கும்.

அப்போது வோக்கியில் மேளச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் யாரோ "ஹலோ, மைக் ரெஸ்ற்றிங்" என்றார்கள். அதற்கு மேலாக ஒரு குரல்: "எல்லாரும் சாப்பிட்டியளே? சுகந்தி, பிளேற்றைத் தூக்கும். அசையாதையும்."

ரத்தினம் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "யோகன், நீ எங்கையடா நிக்கிறாய்?"

"உரும்பிராயிலை, அண்ணை. தங்கச்சி வீட்டு மாடியிலை. இஞ்சைதான் வைஃபை நல்லாப் பிடிக்குது. பிறகு கதைப்பம். சுகந்தி, கிளினிக் கதவைப் பாத்துக்கொண்டு நில்லும். இடப்பக்கம் ரெண்டாவது லைற் போஸ்ற் தெரியுதோ?"

"தெரியுது அண்ணை."

"அந்தப் போஸ்ற்றிலையிருந்து உம்மடை பிளேற் அகலத்திலை ரெண்டை விட்டிட்டு நேரை போம். அதுக்குள்ளை போனா சீமெந்துக் கட்டு. போம். மெல்லமாப் போம்."

அடுத்த பதினெட்டு நிமிடமும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது. உரும்பிராயில் பின்னேரம் நாலேகால் மணி. கலியாண வீட்டு மாடியில் நின்றுகொண்டு, கண்ணால் காணாத பனியில், ஒரு மனிதர் அங்குலம் அங்குலமாக வழி சொல்கிறார். சுகந்தி தள்ளிவிட்டு நிற்பாள், எந்தப் போஸ்ற்றுக்கு நேரே நிற்கிறாள் என்று சொல்லுவாள். அவர் அடுத்ததைச் சொல்லுவார். நிமிடத்துக்கு ஒரு தடவை என் எல்லை அவரை வெட்டியது. அவர் திரும்ப அழுத்தினார். மற்றப் பதினேழு பேரில் ஒருவர்கூடப் பொத்தானைத் தொடவில்லை. ஏழு மணி ஐந்துக்குச் சுகந்தி சொன்னாள்: "வான் உள்ளை போட்டுது. அவரை இறக்கினம். எனக்குக் கை காட்டுறார்." அலுவலகத்தில் நான் கைதட்டினேன். ரத்தினம் அண்ணையும் தட்டினார். எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகுதான் விசாரணை நடந்தது. கதை இதுதான். நான் வாங்கிய ஒப்பத்தை அந்த மனிதர் மட்டும்தான் பெரிய விஷயமாக எடுத்திருக்கிறார். தன் கையெழுத்தில் வந்த பொருளை இன்னொருவரிடம் விட்டுப்போக மனம் வராமல், சேலைகளுக்கு நடுவே சுற்றிச் சூட்கேசில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். அங்கே தங்கையின் வைஃபையில் போட்டுப் பார்க்க, அது வேலை செய்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பின்னேரத் தேத்தண்ணியோடு எங்கள் காலைக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நாட்களில் என் கணினி பத்தொன்பதாவது வோக்கி உயிரோடு இருப்பதாகக் காட்டியதும், ரொறன்ரோ வரைபடத்தில் அதைக் காணாததும் அதனால்தான். மென்பொருளில் ஏதோ கோளாறு, முதலாளிக்குத் தெரிந்தால் இதோடு முடிந்தது என்று நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். "இவ்வளவு நாளும் ஏன் வாயே திறக்கேல்லை?" என்று ரத்தினம் அண்ணை கேட்டார். மேளத்துக்கு மேலாகப் பதில் வந்தது: "ஊருக்குச் சாமானைக் கொண்டுபோட்டன் எண்டு வதனி ஏசும் எண்டு பயந்தனான், அண்ணை."

வெள்ளிக்கிழமைப் பெட்டி

சொன்னபடி வெள்ளிக்கிழமை ரத்தினம் அண்ணை கடைக்கு வந்தார். கையில் பெட்டி இருந்தது. ஜெராட் அண்ணை என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். புதன்கிழமைக் கைதட்டலை வெள்ளிக்கிழமை மறந்துபோகிற வாடிக்கையாளர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே யோகநாதன் அண்ணையின் தங்கை வீட்டுக் கலியாணத்துக்கென்று ரத்தினம் அண்ணை வாங்கிய பரிசுப் பொதி. யாராவது ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட வழி தெரியுமா என்று ஜெராட் அண்ணையிடம் கேட்டார். சார்ஜர்கள் எல்லாம் பழையபடி சுவரில் மாட்டியாயிற்றாம். பத்தொன்பதையும் வைத்துக்கொள்கிறாராம், கோடையில் புல் வெட்டுகிற ஆட்களுக்கு இன்னும் ஆறு வேண்டுமாம். ஜெராட் அண்ணை தட்டில் அடுக்கியிருந்த நாலு ஃபோன் கவரையும் சத்தமில்லாமல் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்தப் பிளாசாவே இடம் காணாது. அடக்கிக்கொண்டு, புதிய ஆறையும் எந்தக் குழுவில் போடுவது என்று மட்டும் கேட்டேன். ரத்தினம் அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சைப் புல்லு வெட்டுற ஆக்களோடை போடும். ஆறாவதை எனக்குத் தனியா வையும், பிள்ளை. ஆடியிலை நான் ஊருக்குப் போறன், அங்கை இருந்தும் உவங்களை விடமாட்டன்."

பத்து வாரம் நான் தொண்டை வற்றப் பேசியும் விற்க முடியாத சாமானை, கேட்காமல் விமானம் ஏற்றிய ஒரு மனிதர் பதினெட்டு நிமிடத்தில் விற்றுக்கொடுத்துவிட்டார், கெட்டிக்காரி என்ற பெயர் என்னவோ எனக்குத்தான்.